எதிர்பாராதது யாருக்கு?

ஊவாவிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்க்கின்றன: நடந்துகொண்டிருந்த காரியம் நடுவில் நின்றுபோனதைப் பற்றி. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பத்தாம் தர ஆங்கிலப் பாடத்தில் ‘ஸ்பேனர் இன் த வேர்க்ஸ்’ என்ற வழக்கு வந்தது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஆங்கில ஆசிரியை, ஹாலிஎல)

பதில்: கொழும்புப் பிள்ளைகளை விட உங்கள் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் விளங்கும், டீச்சர். தோட்டத்து ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடிக் கிடந்த கொழுந்து ரோதையில் விழுந்து அரைபட்டவுடன் நிறம் மாறத் தொடங்கிவிடும். அதன் பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் டிரையரின் சூட்டுக்குப் போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து டிரையர் நின்றால் மேலே மலையில் கொய்த கை, சுமந்த முதுகு, நிறுத்த தராசு எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய அன்றைய தேயிலை மந்தமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்துக்குள் ஸ்பேனர் விழுவது என்றால் இதுதான்.

ஆங்கில எழுத்தில் இதை ஆரம்பத்திலேயே எடுத்தாண்டவர்களில் பி. ஜி. வூட்ஹவுஸ் ஒருவர், 1934இல் வந்த அவருடைய நகைச்சுவை நாவலில் இருக்கிறது. அமெரிக்கர்கள் ஸ்பேனருக்குப் பதிலாக ‘மங்கி ரெஞ்ச்’ என்பார்கள். எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால் ஒரு விதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: காரியமோ அதற்கான ஏற்பாடோ ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். ஏற்பாடே தொடங்காத வேலைக்கு இந்த வழக்கு பொருந்தாது. விளையாட்டுப் போட்டிக்கு எல்லாம் தயாராகி, அன்று காலை மைதானத்தில் மதில் இடிந்து விழுந்தால் பொருந்தும்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஸ்பேனர் தானாக விழுந்ததா, யாராவது அங்கே வைத்துவிட்டுப் போனார்களா?’ நம் முன்னோர் ரோதைமுனிக்குப் படையல் வைத்த பிறகே இயந்திரத்தில் கை வைத்தார்கள். விபத்து வரக்கூடிய இடம் அது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆபத்தை முதலில் அறிகிறவர் பெரும்பாலும் அதன் பக்கத்தில் நிற்கிறவர்தான். இந்த மாதக் கேள்விகள் அத்தனையிலும் இதையே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: எல்லாம் எதிர்பாராமல்தான் நடக்கிறது என்கிறார்களே? (வாசகர், பதுளை நகர்)

பதில்: சொல்கிறவர் எந்த உயரத்தில் வீடு கட்டியிருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் மடுல்சீமைக்குச் சரித்திரத்தில் இடம் உண்டா? (இளைஞர் மன்ற உறுப்பினர், மடுல்சீமை)

பதில்: உலகத்துப் பயிர்நோய் வரலாற்றில் மிகப் பெரிய இடம் உண்டு. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது உங்கள் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில்தான். இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தூள் படிந்த புள்ளிகள். மாதிரிகள் பேராதனை தாவரவியல் பூங்கா வழியாக இங்கிலாந்துக்குப் போயின. அங்கே அந்தப் பூஞ்சைக்கு ‘ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

நோய் வந்தும் தோட்டக்காரர்கள் பல வருடம் காடழித்துக் கோப்பி நட்டுக்கொண்டே இருந்தார்கள். விலை நன்றாக இருந்தது. ஒரு வருடம் விளைச்சல் குறைந்தால் அடுத்த வருடம் கூடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1880இல் அரசாங்கம் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தது. இரண்டு வருடம் மலைமலையாக ஏறி இறங்கி, நோய் காற்றில் பரவும் வித்துகளால் வருகிறது என்று அவர் நிறுவினார். மலை முழுக்க ஒரே பயிரை, நடுவில் காற்றுத்தடை மரங்கள்கூட இல்லாமல் நெருக்கி நட்டதே பரவலுக்கு வழி என்பதையும் காட்டினார். அவர் கண்டு சொன்னபோது காலம் கடந்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் பேங்க் 1884இல் மூடியது.

உங்களுக்கும் எனக்கும் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கோப்பி பருவப் பயிர். தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் அறுவடைக்கு வந்துவிட்டுப் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். கோப்பி அழிந்த இடத்தில் வந்த தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கை வேண்டும். வாரா வாரம் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்து தங்க வேண்டியதாயிற்று. தற்காலிகமாகக் கட்டிய லயம் நிரந்தர வீடாயிற்று, அதே பத்தடிக் காம்பராவாக. மலையகத் தமிழர் இந்த மண்ணின் மக்களாக வேரூன்றியதில் மடுல்சீமை இலையில் விழுந்த அந்தப் புள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் இது இரண்டு வரிதான். உங்கள் மன்றத்தில் ஒரு மாலைப் பொழுது முழுக்க இதைப் பேசுங்கள்.

கேள்வி: கோப்பி அழிந்ததில் லாபம் பார்த்தவர் யார்? (வாசகி, ஹப்புத்தளை)

பதில்: உங்கள் ஊருக்கு மேலே தம்பேதென்னையை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டன். கோப்பியில் நொடித்தவர்கள் மலையை மலிவாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் வந்து இறங்கினார். நடுவில் தரகர் இல்லாமல் தன் கடையிலேயே தேயிலையை விற்றார். ஒருவருக்கு விழுந்த இடி இன்னொருவருக்கு வாசல் திறந்தது. மலையில் உழைத்தவருக்கு இரண்டு காலத்திலும் வாசல் ஒன்றுதான்.

கேள்வி: தெமோதரை வளைவை வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கங்காணி என்று என் தாத்தா சொல்வார். உண்மையா? (மாணவர், தெமோதரை)

பதில்: உங்கள் தாத்தா சொன்ன கதை ஊவா முழுக்கவே உண்டு. பாதை அமைத்தவர்கள் தெமோதரையில் திகைத்து நின்றார்கள். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையில் உயர வித்தியாசம் அதிகம். 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் இருந்தால் ரயில் இழுக்காது. அப்போது ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்த பொறியியலாளருக்கு, பாதையையே ஒரு சுற்றுச் சுற்றித் தனக்கடியிலேயே நுழையவிடலாம் என்று பொறிதட்டியதாம். ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் அதே ரயில் போவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

கதைக்குக் காகித ஆதாரம் கிடையாது. ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு முதலாம் உலக யுத்தத்துக்குப் போய்விட்டதால் கல்லாலும் சீமெந்தாலும் கட்டினார்கள் என்பதும் இதே போல வாய்வழிச் செய்திதான். பாலம் 1921இல் முடிந்தது, பதுளைக்கு ரயில் 1924இல் வந்தது என்பவை பதிவில் உள்ளவை. கதையை நம்புங்கள் என்றும் சொல்லமாட்டேன், தூக்கி எறியுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பாதை வெட்டிய ஆயிரக்கணக்கான தமிழ், சிங்களத் தொழிலாளரில் ஒருவருடைய பெயரும் கல்வெட்டில் இல்லாத ஊரில், ‘எங்கள் ஆள் ஒருவருக்கு மூளை இருந்தது’ என்று மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாத்தா சொன்னதை எழுதி வையுங்கள்.

கேள்வி: மீரியபெத்தையை இயற்கையின் சீற்றம் என்று ஒவ்வொரு நினைவு நாளிலும் பேசுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வாசகி, கொஸ்லந்தை)

பதில்: எனக்கும் ஒப்பவில்லை, அம்மா.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரையை ஒட்டிய நேரம். பல நாள் பெய்த மழையில் ஊறிய மலை லயங்களின் மேல் சரிந்தது. கோயிலும் வீடுகளும் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்கு மாலையில் திரும்ப வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் ஒன்பது வருடம். ஒன்பது வருடம் முன்பே தெரிந்ததை எதிர்பாராதது என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

‘எச்சரித்தும் மக்கள் போகவில்லை’ என்று பதில் வரும். எங்கே போவார்கள்? லயம் அவர்களுக்குச் சொந்தமில்லை. மாற்றிடத்தில் காணி கொடுத்து, வீடு கட்டி, ‘வாருங்கள்’ என்று சொன்னால் அது எச்சரிக்கை. ஒரு கூட்டத்தில் ‘ஆபத்து’ என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அதே லயத்திலிருந்து வரவேண்டும் என்றால், சொன்னவருடைய பொறுப்பு தீர்ந்த மாதிரி காகிதத்தில்தான் தெரியும். தோட்டத்தை விட்டுத் தூரம் போனால் வேலைப் பதிவில் பெயர் போய்விடும். பெயர் போனால் சம்பளம் போகும். மலைச் சரிவையும் பட்டினியையும் எதிரெதிரே வைத்து ஒரு குடும்பத்தைத் தெரிவு செய்யச் சொல்வது நியாயமா?

தப்பியவர்கள் பயன்பாட்டில் இல்லாத ஒரு தேயிலை ஸ்டோரில் நாட்களைக் கழித்தார்கள். பூனாகலைப் பக்கம் புது வீடுகள் கைக்கு வந்தது 2016இல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் மறுபடி சரிந்தன. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் புயலின் அளவை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எந்தச் சரிவுகளில் எந்த லயங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு வரைபடம் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து வீடு மாற்றப் புயல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நினைவு நாளில் பேச வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், அம்மா: ‘அடுத்ததாக எந்த லயத்தை மாற்றப் போகிறீர்கள், எந்த மாதத்தில்?’

கேள்வி: கச்சான் காற்று நல்லதா, கெட்டதா? (கொழுந்து எடுக்கும் பெண், ஸ்பிரிங்வெளி)

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக நம் பக்கம் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை பகலில் காற்றும் வெயிலும் வாட்டும். செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். அந்தத் தவிப்பில்தான் இலைக்குள் வாசனை கூடுகிறது. வலிக்குப் பூசும் தைலங்களில் இருக்கும் மெதைல் சலிசிலேட் என்ற அதே பொருள் ஊவாத் தேயிலையில் தனி மணமாக எழும். அதற்காகவே அந்த மாதங்களில் கொழும்பு ஏலத்தில் நம் தேயிலைக்கு விலை ஏறும்.

ஆனால் கொழுந்து குறைந்துவிடும். சொன்ன கிலோ நிறையாவிட்டால் உங்களுக்கு அரைப்பெயர், அதாவது அரை நாள் சம்பளம். ஒரே காற்று தேயிலைக்கு விலையைக் கூட்டுகிறது, அதை எடுக்கிறவருக்குச் சம்பளத்தைக் குறைக்கிறது. செடியின் குறைவுக்குக் கொழுந்து எடுக்கும் பெண் ஏன் பணம் கட்ட வேண்டும்? பருவத்துக்கேற்பக் கிலோ கணக்கைக் குறைத்து முழுப்பெயர் போடுவதுதான் நேர்மை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தலைவர்கள் இந்த மூன்று மாதங்களைத் தனியாக மேசையில் வைக்கட்டும். காற்று கெட்டதில்லை, தங்கச்சி. கணக்குத்தான் கெட்டது.

கேள்வி: 2021 உரத்தடையைப் பற்றி ஒரே வரியில்? (சிறுதோட்ட உரிமையாளர், பசறை)

பதில்: ஒரு வரி போதாது, ஐயா. மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது, ஒரே நாளில் நாடு முழுக்க இரசாயன உர இறக்குமதி நின்றது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். மண்ணை மாற்றப் பல வருடம் பிடிக்கும் வேலையை ஒரு கையெழுத்தால் முடிக்கப் பார்த்தார்கள். விளைச்சல் விழும் என்று விவசாய விஞ்ஞானிகள் அப்போதே எழுதினார்கள், பேசினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். செடிக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. பட்டினி போட்டதை அது அடுத்த வருடம் காட்டியது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. டொலர் இல்லாமல் நாடு தவித்த அதே வருடத்தில், டொலர் கொண்டுவரும் பயிர் இது.

பசறையில் உங்களைப் போன்றவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பட்ட கடனுக்கு யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. உங்கள் கொழுந்துப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் காணியில் என்ன நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: என் அப்பாட்டாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அவர் இறந்தது லுணுகலையில். ஏன் போகவில்லை என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. (வாசகர், லுணுகலை)

பதில்: அவருக்கு மனமில்லாமல் இருந்திருக்கலாம். கப்பல் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வோம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்த வீடுகள் உண்டு. யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறோமோ அவர்களை அந்த மேசைக்கு யாரும் அழைக்கவில்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் டிசெம்பர் 22ஆம் திகதி இரவு புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த கப்பல் அதன் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பதுளையில் ரயில் ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட், காலடியில் இலங்கை மண், நடுவில் கடல் என்று பல்லாயிரம் பேர் தங்கிவிட்டார்கள். உங்கள் அப்பாட்டா அவர்களில் ஒருவராக இருக்க மிகவும் வாய்ப்புண்டு.

இரண்டு அரசாங்கங்களும் இருபது வருடம் கட்டிய திட்டத்துக்குக் கப்பல் நின்றதுதான் பெரிய முட்டுக்கட்டை என்று ஆவணங்களில் எழுதுவார்கள். அந்த முட்டுக்கட்டையால்தான் உங்கள் குடும்பம் ஒன்றாக இருக்கிறது என்றும் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பாராளுமன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்கு முன்பே அப்பாட்டா காலமாகியிருந்தால், தான் பிறந்து உழைத்த ஊரில் காகிதப்படி வெளியாளாகவே கண்மூடியிருக்கிறார். அந்தப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள், முழுக் கதையையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய திட்டம் வந்தால் ஊருக்கு நல்லதுதானே? (வாசகர், பண்டாரவளை)

பதில்: பண்டாரவளையிலிருந்து இந்தக் கேள்வியா! உமா ஓயாத் திட்டத்துக்காக மலைக்கடியில் சுரங்கம் குடைந்தபோது, 2014 கடைசியில் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, சுவர்கள் வெடித்தன. 2017இல் உங்கள் ஊரே கடையடைத்து வீதிக்கு வந்தது. 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதை மறுக்கமாட்டேன். மலைக்குள் தண்ணீர் எந்த வழியில் ஓடுகிறது என்று குடைவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும் என்பதும், வற்றிய கிணற்றுக்குரிய நட்டஈடு கிணற்றுக்காரருக்குத் தாமதமின்றிப் போயிருக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. ஒரு தலைமுறை முழுக்கப் பீலித் தண்ணீரை நம்பி வாழ்ந்த லயங்களைக் கேட்டிருந்தால், எந்த ஊற்று எந்த மாதத்தில் மெலியும் என்பதை அவர்கள் விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரனே எதிர்பார்க்காத சம்பவம் ஊவாவில் ஏதாவது? (வாசகர், வெலிமடை)

பதில்: 1817இல் தங்களுக்கு எதிராக ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரர் கெப்பெட்டிபொலை திசாவையை ஆட்களோடும் ஆயுதங்களோடும் அனுப்பினார்கள். அவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே எதிர்த்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள். ஊவாவின் வயலும் குளமும் வீடும் பழிவாங்கலில் அழிந்தன. தோட்டங்கள் வந்து உட்கார்ந்த நிலத்துக்கு நமக்கு முன்பே ஒரு துக்கம் இருந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள நண்பர்களோடு பேசும்போது இதை நாம் அறிந்திருப்பது அழகு.

கேள்வி: உயர்தரத்தில் மூன்று புள்ளியில் பல்கலைக்கழகம் தவறிவிட்டது. வீட்டில் ஒரே இழவு வீடு மாதிரி. என்ன செய்ய? (மாணவி, நமுனுகுலை)

பதில்: முதலில் சாப்பிடுங்கள், மகள். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் எழுத உரிமை இருக்கிறது. விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து, மழையில் பஸ் வராத பாதையில் நடந்து போய் எடுத்த புள்ளி அது. அதை நகரத்துப் புள்ளியோடு நிறுத்து உங்களைக் குறைவாக எடைபோடாதீர்கள். மறுபடி எழுதுங்கள். எழுதும்வரை வீட்டுச் செலவுக்காகக் கொழும்புக் கடைக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், என் பெயரைச் சொல்லி ‘ஒரு வருடம் பொறுங்கள்’ என்று கேளுங்கள். அப்பாவுக்கு எழுத வேண்டும் என்றால் விலாசம் அனுப்புங்கள், நானே எழுதுகிறேன்.

கேள்வி: மண்சரிவு எச்சரிக்கை போனில் வருவதற்குள் இருட்டிவிடுகிறது, சிக்னலும் போய்விடுகிறது. நாங்களாகவே அறிய வழி உண்டா? (லயத்து இளைஞர்கள், ஹல்துமுல்லை)

பதில்: உண்டு. நேரான பக்கமுள்ள ஒரு டின்னையோ பிளாஸ்டிக் ஜாடியையோ மரமும் கூரையும் மறைக்காத வெளியில் மட்டமாக வையுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் மில்லிமீற்றர் கிடைத்துவிடும். இருபத்திநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினால் அல்லது ஒரே மணியில் 75 பெய்தால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவும் இதுதான். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரமோ கம்பமோ, திடீரென்று பிறந்த ஊற்று, வழக்கமான பீலியில் சேறு கலங்குவது, கதவு நிலை இறுகி மூடாமல் போவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

லயத்துக்கு இரண்டு பேர் முறை போட்டு இரவில் அளவெடுங்கள். திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் அட்டை, பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகம், பெரியவர்களின் மருந்து எல்லாம் ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். எங்கே போவது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். அந்தக் கொப்பியின் பிரதியை மாதம் ஒரு முறை கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.